முடிதுறவும் முடியிழப்பும்

சொல்லொன்றின் பொருள்பற்றிய வாதம் புலவர் அவைக்கே உரியது எனக் கருதுவார் பலர். அரசியலாளரும் ஒரு சொல்லுக்காக நாட்கணக்கில் வாதிட்டமையை 1689 ஆம் ஆண்டின் வரலாறு காட்டுகின்றது.

1688 நவம்பர் 5 இல் ஒறேஞ்சு இளவரசன் வில்லியம் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிற் படையோடு இறங்கினான். எதிர்த்து நிற்கமாட்டாத மன்னன் இரண்டாம் யேம்ஸ் டிசம்பரிற் பிரான்சுக்கு ஓடினான். அரியணையை வில்லியத்துக்கும் அவன் மனைவி மேரிக்கும் எந்நியாயம் கூறி அளிப்பது என்பதே எழுந்த வினா.

பொதுமக்கள் சபை, மன்னன் ‘அப்டிகேற்’ செய்தான் எனத் தீர்மானித்தது. இலத்தீன் வழிவந்த இச்சொல் முடிதுறத்தலைக் குறிப்பது. 1936 இல் எட்டாம் எட்வேட்டு முடிதுறந்ததால் இக்காலத்தாரும் நன்கறிந்தது. முடிதுறவு என்பது மன்னன் தன் விருப்பால் வெளிப்படச் செய்யும் செயல். ஓடியவன் துறந்தவனாகான் எனப் பிரபுக்கள் சபை மறுத்தது. ‘விட்டகன்றான்’ என்பதே போதும் என்றனர் பிரபுக்கள். எனினும் பெப்ரவரி 6 இல் அவர் இணங்கினர்.

ஸ்கொத்துலாந்து அந்நாளில் தனியரசு. அதே மன்னனை ஏழாம் யேம்ஸ் என ஏற்றிருந்தது. முடிசூடியபின் அவன் அந்நாட்டில் அடிவைத்ததேயில்லை; ஆதலின் நாட்டை விட்டோடினான் என்னும் நியாயம் அங்கே பொருந்தாதாயிற்று. எடின்பரோவிற் கூடிய பேரவை, அவன் முடியுரிமையை ‘ஃபோர்ஃபோல்ற்’ செய்தான் என ஏப்ரலில் அறிவித்தது. ஆங்கிலம் வல்லாரும் இன்று அரிதாகவே அறியும் இச்சொல், குற்றங் காரணமாக உரிமையிழத்தலைக் குறிக்கும் ஸ்கொத்துலாந்துச் சட்டச்சொல். அரசத்துரோகிகள் நிலமும் பட்டமும் இழந்தபோது வழங்கியதும் இதுவே. குடிகள்மேற் செலுத்தப்பட்ட சொல் ஈண்டு மன்னன்மேற் செலுத்தப்பட்டது.

இரண்டு சொல்லாலும் அரியணை வெறுமையாகின்றது. ஆயினும் துறத்தலுக்கு மன்னன் மனமே போதும். குற்றத்தால் இழத்தலுக்கோ, குற்றத்தை ஆராய்ந்து தீர்ப்பார் ஒருவர் வேண்டும். இங்கிலாந்தின் தீர்மானமும் மன்னன் பிழைகளை எடுத்துரைத்ததே. எனினும், குடிகள் மன்னனை நீக்கினர் என வெளிப்படக் கூற அஞ்சி, முடிவை அவன் செயலாகவே கூறிற்று. யேம்ஸோ 1689 மார்ச்சில் அயர்லாந்திற் படையோடு இறங்கி, 1690 இல் போயின் ஆற்றங்கரையிற் பொருது தோற்றான். துறந்தவன் துறந்ததை மீட்கப் போரிடான்.

ஆதலின் இருநாட்டு நிகழ்ச்சியையும் முடிதுறவு என ஒரே பெயரால் வழங்குதல் பொருந்தாது. மன்னனின் குற்றத்தைத் தீர்க்கும் உரிமை நாட்டின் பேரவைக்கு உண்டு என்னும் கொள்கை, அருகி வழங்கும் அச்சொல்லிலேயே தெளிவாக விளங்குகின்றது.