இணைந்த நாடும் இரண்டாம் பிரிவும்

நாடுகள் பிரிவதும் இணைவதும் உடன்படிக்கைகளால் நிகழ்கின்றன. ஆயினும், கையொப்பம் இடப்பட்ட மறுநாள் முதல் மக்களின் வாழ்க்கை எவ்வாறு மாறிற்று என்பதை அறிய விரும்புவோர் தொழிற்சாலையையும் சந்தையையும் பாடசாலையையும் விளையாட்டுத் திடலையும் நோக்குதல் வேண்டும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 3ஆந் திகதி கிழக்கு ஜேர்மனியும் மேற்கு ஜேர்மனியும் ஒரே நாடாயின. அந்த இணைப்பின் பயனையும் விலையையும் ஒருங்கே காட்டிய நிகழ்ச்சிகளுள் ஒன்று, ஜேர்மன் உதைபந்தாட்டத்தின் இரண்டாம் பிரிவில் 1991-92ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற போட்டிப் பருவமாகும்.

உதைபந்தாட்டத்தைப் பொறுத்தவரை, பிரிவினைக்கு முந்திய ஒற்றுமையின் வேர் கிழக்கிலேயே இருந்தது. ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கம் 1900ஆம் ஆண்டு சனவரி 28இல் லைப்சிக் நகரிலேதான் தோற்றுவிக்கப்பட்டது. 1903இல் நடந்த முதலாவது தேசியப் போட்டியில் பட்டம் வென்றதும் அந்நகரத்தின் வி. எப். பி. லைப்சிக் கழகமே. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நாடு இரண்டானபோது ஆட்டமும் இரண்டாயிற்று. மேற்கே 1963இல் புண்டெஸ்லீகா என்னும் முதற் பிரிவும், 1974இல் அதன் இரண்டாம் பிரிவும் அமைந்தன. கிழக்கே ஓபர்லீகா என்னும் தனிப் போட்டி வளர்ந்தது.

கிழக்கின் கழகங்களை அவற்றின் பெயர்களைக் கொண்டே இனங்காணலாம். 'லோக்கொமொட்டிவ்' என்றால் புகையிரதப் பகுதியினரின் கழகம். 'ஸ்ராஹ்ல்' என்றால் உருக்குத் தொழிலாளரின் கழகம். 'கெமி' இரசாயனத் தொழிலுக்கும், 'டைனமோ' பொலிஸ் பகுதிக்கும் உரியன. யேனா நகரின் கழகம், மூக்குக் கண்ணாடிக்கும் நுணுக்குக்காட்டிக்கும் உலகப் புகழ் பெற்ற கார்ல் சைஸ் தொழிற்சாலையின் பெயரையே தாங்கி நின்றது. ஆட்டக்காரர் பெயரளவில் தொழிலாளராகவோ பொலிஸ் உத்தியோகத்தராகவோ சம்பளம் பெற்றனர்; நாள் முழுவதும் பந்தாட்டமே பயின்றனர். திடலைப் பேணியதும் பயணச் செலவைக் கொடுத்ததும் அரச தொழிற்சாலைகளே.

இத்தகைய கழகங்களைத் தரங் குறைந்தவை என்று எவரும் தள்ளிவிட முடியாது. மக்டெபேர்க் கழகம் 1974இல் இத்தாலியின் மிலான் கழகத்தை வென்று ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தைப் பெற்றது. அதே போட்டியின் இறுதி ஆட்டம் வரை யேனா 1981இலும் லைப்சிக் 1987இலும் முன்னேறின.

1989 நவம்பர் 9இல் பேர்லின் மதில் திறந்தது. அடுத்த சில வாரங்களிலேயே மேற்குக் கழகங்களின் முகவர்கள் கிழக்கே வந்து சேர்ந்தனர். பேர்லின் டைனமோ கழகத்தின் அண்ட்ரேயாஸ் தோம் முதலில் லேவர்கூசனுக்குச் சென்றார். 1990இல் டிறெஸ்டன் கழகத்தின் மத்தியாஸ் சாமர் ஸ்ருட்கார்ட்டுக்கும், உல்வ் கேர்ஸ்ரன் லேவர்கூசனுக்கும், பேர்லினின் தோமஸ் டோல் ஹம்பேர்க்குக்கும் சென்றனர். விளைந்த பயிரை அயலவர் அறுத்துச் செல்ல, நிலத்துக்குரியவர் பார்த்து நின்ற நிலை அது. மேற்கு நாணயம் 1990 யூலை 1 முதல் கிழக்கிலும் வழங்கலாயிற்று. அரச தொழில்களைத் தனியாரிடம் ஒப்படைப்பதற்கு அமைக்கப்பட்ட நிறுவனத்தின் கீழ் 8,000க்கும் மேற்பட்ட தொழிலகங்கள் வந்தன, பல மூடப்பட்டன. தன் தொழிலாளரையே பேண இயலாத ஆலை பந்தாட்டக் கழகத்தைப் பேணுவது எங்ஙனம்?

1990 நவம்பரில் கிழக்குச் சங்கம் ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கத்துடன் இணைந்தது. இணைப்பு விழா, சங்கம் பிறந்த லைப்சிக்கிலேயே நடைபெற்றது. அவ்வேளையில் இரு நாடுகளின் தேசிய அணிகளும் இறுதியாக ஒருமுறை அங்கு மோதுவதாக இருந்தது. ஆனால், அம்மாதத் தொடக்கத்தில் லைப்சிக்கில் ஓர் ஆட்டத்தையொட்டி எழுந்த கலவரத்தில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். பாதுகாப்பை முன்னிட்டு அந்தத் தேசிய ஆட்டம் கைவிடப்பட்டது.

எஞ்சியது ஒரு கணக்கு. கிழக்கின் முதற் பிரிவில் 14 கழகங்கள் இருந்தன. இணைந்த நாட்டின் இரண்டு தொழில்முறைப் பிரிவுகளிலும் அவற்றுக்கு எத்தனை இடம் அளிப்பது? 'இரண்டும் ஆறும்' என்பதே தீர்ப்பாயிற்று. 1990-91 பருவத்தில் முதலிரு இடங்களைப் பெறுவோர் புண்டெஸ்லீகாவுக்குச் செல்வர். மூன்றாம் இடம் முதல் ஆறாம் இடம் வரை பெறுவோர் நேரே இரண்டாம் பிரிவுக்குச் செல்வர். ஏழாவது முதல் பன்னிரண்டாவது வரையானோரும், கீழ்ப்பிரிவின் இரு வெற்றியாளரும் ஆக எட்டுக் கழகங்கள் இரு குழுக்களாய்ப் பொருதி, எஞ்சிய இரண்டு இடங்களைப் பெறும். நாற்பது ஆண்டு வாழ்ந்த ஒரு போட்டியின் எதிர்காலம் ஒரே ஆண்டின் புள்ளிகளில் தங்கிற்று.

ஹன்சா றொஸ்ரொக்கும் டைனமோ டிறெஸ்டனும் முதற் பிரிவை அடைந்தன. எர்பூர்ட், ஹாலே, கெம்னிற்ஸ், யேனா ஆகியவை நேரே இரண்டாம் பிரிவில் இடம் பெற்றன. தகுதிகாண் ஆட்டங்களில் வென்று லைப்சிக்கும் பிராண்டன்பேர்க்கும் அவற்றோடு சேர்ந்தன. ஐரோப்பியக் கிண்ணம் வென்ற மக்டெபேர்க் வெளியே நின்றது. 1979 முதல் 1988 வரை பத்துமுறை தொடர்ந்து பட்டம் வென்ற பேர்லின் டைனமோவும், பெயரை மாற்றிக்கொண்ட பின்னரும், வெளியே நின்றது. லைப்சிக் கழகமோ 'லோக்கொமொட்டிவ்' என்பதைக் களைந்து, 1903இல் பட்டம் வென்ற பழைய பெயரைப் பூண்டுகொண்டது. கெம்னிற்ஸ் கழகத்தின் பெயரும் புதிதே. கார்ல் மார்க்ஸ் நகர் என்று வழங்கிய அவ்வூர் 1990இலேயே தன் பழைய பெயரை மீண்டும் பெற்றிருந்தது.

ஆறு கழகங்கள் புதிதாய் வந்தமையால் இரண்டாம் பிரிவில் 24 கழகங்கள் ஆயின. 1981 முதல் ஒரே தொகுதியாக நடந்துவந்த போட்டி, இந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் வடக்கு, தெற்கு என இரு தொகுதிகளாக வகுக்கப்பட்டது. தொகுதிக்குப் பன்னிரண்டு கழகங்கள். ஒவ்வொன்றும் முதலில் 22 ஆட்டங்கள் ஆடின. பின்னர் மேல் ஆறு கழகங்கள் ஏற்றத்துக்காகவும், கீழ் ஆறு கழகங்கள் இறக்கத்தைத் தவிர்ப்பதற்காகவும் தமக்குள் மேலும் பத்து ஆட்டங்கள் ஆடின. வெற்றிக்கு இரண்டு புள்ளிகள் என்பது அக்கால விதி. தொகுதிக்கு ஒரே கழகமே மேலே செல்லலாம். கிழக்கின் ஆறினுள் பிராண்டன்பேர்க் மட்டுமே வடக்கில் இடம்பெற்றது. ஏனைய ஐந்தும் தெற்கில் வைக்கப்பட்டன. நேற்றுவரை கிழக்கு, மேற்கு என்று பிரிந்திருந்த நாடு, அட்டவணையில் வடக்கு, தெற்கு என்று பிரிந்து நின்றது காலத்தின் வேடிக்கையே.

இப்பிரிவில் மேற்கின் பழம்பெருங் கழகங்களும் இருந்தன. 1930, 1931ஆம் ஆண்டுகளின் வெற்றியாளரான பேர்லின் ஹேர்த்தா, 1938இலும் 1954இலும் பட்டம் வென்ற ஹனோவர், 1966இல் பட்டம் வென்ற மியூனிச் 1860, அதற்கு அடுத்த ஆண்டில் வென்ற பிரவுன்ஷ்வைக் ஆகியன அவற்றுட் சில. ஆகவே, கிழக்கிலிருந்து வந்தோர் கண்டது எளிய களமன்று.

எர்பூர்ட் கழகத்தின் கதை அந்தப் பருவத்தின் முரண்பாட்டை நன்கு காட்டும். ஓபர்லீகாவில் மூன்றாம் இடம் பெற்றமையால், அது ஐரோப்பிய யூஏபா கிண்ணப் போட்டிக்கும் உரிமை பெற்றிருந்தது. 1991 இலையுதிர் காலத்தில் ஒல்லாந்தின் குறோனிங்கன் கழகத்தை வென்று, அடுத்த சுற்றில் அம்ஸ்ரடாம் அயாக்ஸ் கழகத்தை எதிர்த்து ஆடித் தோற்றது. அந்த அயாக்ஸ் கழகமே அவ்வாண்டு கிண்ணத்தையும் வென்றது. ஆனால் ஐரோப்பாவின் தலைசிறந்த கழகமொன்றோடு பொருதிய எர்பூர்ட், உள்நாட்டில் தன் தொகுதியின் கடைசி இடத்தில் நின்று மூன்றாம் படிக்கு இறங்கிற்று. யூஏபா கிண்ணத்தில் மொஸ்கோ ரோர்ப்பீடோவைச் சந்தித்த ஹாலே கழகத்தின் விதியும் அவ்வாறே. வடக்கில் பிராண்டன்பேர்க்கின் உருக்குத் தொழிலாளர் கழகமும் இறங்கியது.

இறக்கம் கிழக்கை மட்டும் தீண்டவில்லை. மியூனிச் 1860 கழகமும் அதே ஆண்டு வீழ்ந்தது. மேற்கு பேர்லினின் புளௌ வைஸ் 90 கழகம் கடனில் மூழ்கி அனுமதிப்பத்திரத்தை இழந்தது. எனினும் மேற்கில் வீழ்ந்த கழகத்துக்கு வணிகரும் வங்கிகளும் பழைய உறுப்பினரும் கைகொடுக்க இருந்தனர். கிழக்கில் கழகத்தைத் தாங்கிய ஆலையே இல்லாது போயிற்று. வேலையிழந்த தந்தையர்க்கு நுழைவுச்சீட்டும் பெருஞ்செலவாயிற்று. 1860 கழகம் இரண்டே ஆண்டுகளில் முதற் பிரிவை எட்டியது. ஹாலே கழகமோ இன்னும் கீழ்ப்படிகளுக்கு இறங்கிற்று.

கெம்னிற்ஸும் யேனாவும் தெற்குத் தொகுதியின் மேல் ஆறு கழகங்களுள் இடம்பிடித்தன. கெம்னிற்ஸுக்கு அனுபவம் மிக்க ஹான்ஸ் மேயர் பயிற்றுநராக இருந்தார். இருப்பினும் தெற்கில் முதலிடம், பீற்றர் நொய்றூரர் பயிற்றுவித்த சார்புறூக்கனுக்கே கிடைத்தது. வடக்கில் பிறீட்ஹெல்ம் வுங்கலின் ஊர்டிங்கன், சிறு கழகமான ஓல்டன்பேர்க்கை ஒரே புள்ளியால் முந்திற்று. இந்த ஊர்டிங்கனின் பெயரைக் கிழக்கின் இரசிகர் முன்னரே அறிவர். 1986 மார்ச்சில் ஐரோப்பியப் போட்டியொன்றில் டிறெஸ்டன் முதலாட்டத்தில் 2-0 என வென்று, மறு ஆட்டத்தின் இடைவேளையிலும் 3-1 என முன்னின்றது. பிற்பாதியில் ஊர்டிங்கன் ஆறு கோல்களைப் போட்டு 7-3 என வென்றது. மதில் நின்ற காலத்தில் இரு ஜேர்மனியரும் நேருக்கு நேர் நின்ற மறக்கவொண்ணாத ஆட்டம் அது.

அந்தப் பருவத்தின் பெருவியப்பு ஏற்றத்தில் அன்றி, தேசியக் கிண்ணப் போட்டியில் நிகழ்ந்தது. கிழக்குக் கழகங்களும் கலந்துகொண்ட முதலாவது கிண்ணப் போட்டி அது. இரண்டாம் பிரிவின் ஹனோவர் கழகம், முதற் பிரிவின் டோர்ட்மண்ட், கால்ஸ்றூ முதலியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வென்றது. அரையிறுதியில் முந்திய ஆண்டின் கிண்ண வெற்றியாளரான பிரேமனைத் தண்ட உதைகளால் வீழ்த்தியது. அங்கே பந்துக்காப்பாளர் யோர்க் சீவேர்ஸ் தாமே ஓர் உதையையும் கோலாக்கினார். 1992 மே 23இல் பேர்லின் ஒலிம்பிக் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் மொன்சென்கிளாட்பாக் கழகத்தோடு மேலதிக நேரத்திலும் எவரும் கோல் போடவில்லை. தண்ட உதைகளில் சீவேர்ஸ் இரண்டைத் தடுத்தார். ஹனோவர் 4-3 என வென்றது. 1974இல் தோன்றிய இரண்டாம் பிரிவிலிருந்து ஒரு கழகம் அக்கிண்ணத்தைப் பெற்றது அதுவே முதன்முறை.

முதற் பிரிவிலும் கிழக்கின் ஒரு குரல் கேட்டது. இறுதி நாளில் றொஸ்ரொக் கழகம் பிராங்க்பேர்ட்டை 2-1 என வென்று, அதன் கைக்கு எட்டவிருந்த பட்டத்தைத் தட்டிவிட்டது. ஆயினும் அதே நாளில் றொஸ்ரொக்கும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிற்று. ஆக, 'இரண்டும் ஆறும்' என்று தொடங்கிய எட்டுக் கழகங்களுள், ஓராண்டு முடிவில் டிறெஸ்டன் மட்டுமே முதற் பிரிவில் நின்றது. றொஸ்ரொக், லைப்சிக், கெம்னிற்ஸ், யேனா ஆகிய நான்கும் இரண்டாம் பிரிவில் இருந்தன. எர்பூர்ட், ஹாலே, பிராண்டன்பேர்க் ஆகிய மூன்றும் அதற்கும் கீழே சென்றன.

அடுத்த பருவத்தில் இரு தொகுதிகளும் ஒன்றாயின. 24 கழகங்களும் ஒவ்வொன்றும் 46 ஆட்டங்கள் ஆடவேண்டிய நெடும் போராட்டம் அது. பிறைபேர்க் முதலிடமும், டூயிஸ்பேர்க் இரண்டாமிடமும், லைப்சிக் மூன்றாமிடமும் பெற்று ஏற்றம் கண்டன. ஏழு கழகங்கள் இறங்கின. முதல் ஜேர்மன் பட்டத்தை வென்ற பெயர் இவ்வாறு முதற் பிரிவில் மீண்டும் ஒலித்தது. ஆனால் ஓராண்டு மட்டுமே. 1994இல் லைப்சிக் கடைசியாக வந்தது. டிறெஸ்டனும் 1995இல் இறங்கியதோடு அனுமதிப்பத்திரத்தையும் இழந்தது. மக்டெபேர்க் இரண்டாம் பிரிவை முதன்முறையாக அடைந்தது 2018இலேதான். கிழக்கு பேர்லினின் யூனியன் கழகம் 2019இல் முதற் பிரிவுக்கு உயர்ந்தபோது, மதில் திறந்து முப்பது ஆண்டுகள் ஆகிக்கொண்டிருந்தன.

'இரண்டும் ஆறும்' என்ற தீர்ப்பு நீதியானதா என்ற வினா நெடுங்காலம் கேட்கப்பட்டது. இடங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், 14இல் எட்டுக் கழகங்களுக்கு வாயில் திறந்தது சிறு கொடையன்று. ஆனால் சமமான விதி சமமான ஆற்றலைத் தந்துவிடாது. ஒரு பக்கத்தில் பல ஆண்டுகளாகச் சந்தையில் பழகிய கழகங்கள். மறு பக்கத்தில் சிறந்த ஆட்டக்காரரையும் தாங்கிய ஆலையையும் ஒரே வேளையில் இழந்த கழகங்கள். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டதே அந்தப் பருவம். எல்லைகளை ஓர் இரவில் அழித்துவிடலாம். எல்லையின் இருபுறமும் வளர்ந்த வாழ்க்கைகள் ஒத்து நடைபோடுவதற்கு ஒரு தலைமுறை வேண்டும் என்பதே 1991-92ஆம் ஆண்டின் புள்ளி அட்டவணை உணர்த்தும் பாடமாகும்.