யாரை நாடுவது?



நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் உறக்கமின்றி வாடினான். தன்னை யாரோ ஏசும் குரல் கேட்பதாகக் கூறினான். பல நாள் அவனை அழைத்து அறிவுரை சொன்னேன். அவனுக்கு வேண்டியது அறிவுரையன்று, மருத்துவம் என்பதை ஓராண்டு கழிந்த பின்னரே உணர்ந்தேன். அவ்வோராண்டை அவனுக்கு நான் திருப்பித் தர இயலவில்லை. ஆதலின் மனநலத்திற்கு யாரை நாடுவது என்பதை வரலாற்றின் துணைகொண்டு விளக்க விழைகிறேன்.

சென்னையில் 1794-ஆம் ஆண்டிலேயே மனநோயாளர் காப்பகம் ஒன்று இருந்தது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்திற்கு மாறியது. அக்காலத்தில் அடைத்துக் காப்பதே அத்தகைய இடங்களின் பெரும்பணி. 1952-இல் பாரிசு நகர மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோய்க்குப் பயன்படுத்திய பின்னர், நோயாளர் பலர் வீடு திரும்பும் வழி பிறந்தது.

உளவியல் துறையோ வேறு வழியில் வளர்ந்தது. 1896-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் முதல் உளவியல் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டத் தடுமாறிய சிறுவன் ஒருவனை அவரிடம் அழைத்துச் சென்றவர் ஒரு பள்ளி ஆசிரியை. தம்மால் ஆவது எது, ஆகாதது எது என்பதை அவ்வம்மையார் அறிந்திருந்தார்.

1954-இல் பெங்களூரில் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனம் மருத்துவர்க்கு ஒரு படிப்பும், உளவியல் கற்றோர்க்கு மற்றொரு படிப்பும் வகுத்தது.

இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க. மனநல மருத்துவர் மருத்துவம் பயின்றவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர். மருத்துவ உளவியலாளர் சோதனைகளாலும் முறையான உரையாடலாலும் சிகிச்சை செய்பவர். தேர்வு அச்சம், குடும்பத் துயர் போன்றவற்றில் ஆலோசகர் துணைநிற்பார். உறக்கம் கெட்டு, இல்லாத குரல் கேட்டாலும், உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தாலும், காலந்தாழ்த்தாது முதலில் மருத்துவரிடம் செல்க. எவரிடமும் அவர்தம் பட்டத்தையும் பதிவையும் கேட்டறிவது மரியாதைக் குறைவன்று.

2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் காப்பிடம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப இயலாது மாண்டனர். இறந்தோர் 28 பேர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. ஆனால், செல்லுமிடம் அறியாமை என்னும் சங்கிலியைச் சட்டம் அறுக்காது; கல்விதான் அறுக்க வேண்டும். உங்கள் தோழன் ஒருவன் வாடினால், அறிவுரையோடு நின்றுவிடாதீர்கள். உரியவரிடம் அவனை அழைத்துச் செல்லுங்கள்.