பெண்ணின் வீடும் பேர்மிட் காணியும்

மூத்த மகளுக்கு வீடு வாங்கவென்று சென்ற வருடம் மூன்று இடங்களைப் பார்த்தோம். ஊரின் நடுவே ஏழு பேர்ச் வளவில் ஒரு பழைய ஓட்டு வீடு. வயற்கரையில் இருபது பேர்ச் பேர்மிட் காணியில் ஒரு புதிய வீடு. பட்டணத்தில் ஒரு மாடித்தொகுதியின் இரண்டாம் தளத்தில் இரண்டு அறைகள். விலை மூன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மனைவி கிணற்றையும் குசினியையும் பார்த்தா. நான் காகிதங்களைப் பார்த்தேன்.

கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். பெற்றோர் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் ஒரு மூலையிலோ அடுத்த வளவிலோ சிறு வீடு கட்டி ஒதுங்குவர். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இப்பகுதித் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒருசேரக் காணப்படும் தாய்வழிக் குடிமுறையையும் சீதன வீட்டையும் 2008 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக எழுதியுள்ளார். மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியவன் வீடு கேட்டு நிற்பது சரியா என்ற கேள்வி நம்மவர் மத்தியில் வெகுகாலமாக உண்டு. கேள்வி நியாயமானதே. வீடு கட்டியே முதுகொடிந்த வாப்பாமார் எத்தனை பேர்! ஆனால் கணவன் கைவிட்டாலும் மௌத்தானாலும் அந்தப் பெண்ணை வாசலுக்கு வெளியே அனுப்ப எவராலும் முடியாது என்பதும் இதே வழக்கத்தால்தான்.

முஸ்லிம்களின் வாரிசுரிமை பற்றிய 1931 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், மரணசாசனமின்றி இறந்தவரின் சொத்தை மார்க்கச் சட்டப்படி பங்கிடச் சொல்கிறது. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. நமது ஊர்களில் பெரும்பாலும் வீடு அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. வாப்பா உயிரோடிருக்கும்போதே நொத்தாரிசிடம் போய் நன்கொடை உறுதி முடித்துவிடுவார்.

உறுதிக் காணிக்கு இது பொருந்தும். பேர்மிட் காணியின் கதை வேறு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், காணியற்ற விவசாயிக்கு அரச காணியைக் கொடுத்து, அது துண்டாடப்படாமலும் கடன்காரரிடம் போகாமலும் காப்பதற்காக வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பேர்மிட்காரர் பின்னுரித்தாளியின் பெயரைப் பதியாமல் இறந்தால், வாழ்க்கைத் துணைக்குப் பின் காணி மூத்த மகனுக்கே போகும் என்று அதன் அட்டவணை சொன்னது. மகன் இருக்கும்வரை மகளுக்கு முறை வராது. 2022 இல் கொண்டுவரப்பட்ட திருத்தமே இந்த ஆண், பெண் பேதத்தை நீக்கியது.

அந்த அட்டவணையை நான் படித்தது கலாசாலையில் அல்ல. என் மாமிக்குச் சீதனமாகக் கட்டிய வீடு மூத்தவாப்பாவின் பேர்மிட் காணியில் இருந்தது. யாருடைய பெயரையும் பதியாமல் அவர் போய்விட்டார். மூத்தம்மா அதற்கு முன்பே மௌத்து. பெரியவாப்பா நல்ல மனிதர், வீட்டைக் கேட்கவே இல்லை. அவருக்குப் பின் அவருடைய மகன் கேட்டார். ஆசிரியராகிப் புதிது, சட்டம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு. மாமியைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி அட்டவணையைத் திருப்பிக் காட்டினார். மாமி அதை வாசிக்கவில்லை. முப்பது வருடம் கூட்டிப் பெருக்கிய வாசலைவிட்டு, இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தா.

2004 டிசம்பர் 26 இற்குப் பின் இதே கதை பெருமளவில் நடந்தது. கடல் கொண்டுபோனவற்றுள் பெண்களின் சீதன வீடுகள் ஏராளம். வடக்கு, கிழக்கில் கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் கட்டக் கூடாது என்றார்கள். அடுத்த ஆண்டு இறுதியில் அது தளர்த்தப்பட்டது. இடம் மாறியவர்களுக்கு வீட்டுத்திட்டங்கள் வந்தன. பல இடங்களில் படிவம் 'குடும்பத் தலைவர்' பெயரைக் கேட்டது. கணவன் பெயர் எழுதப்பட்டது. மனைவிக்கிருந்த உறுதி, மனைவியோ மகளோ கேட்டுப் பெற வேண்டிய ஒன்றாகிவிட்டது.

மாடி வீட்டுக்குச் சட்டம் 1973 இல் வந்தது. தளத்தில் உள்ள வீடு நமக்கு. நிலம், படிக்கட்டு, கூரை எல்லாவற்றிலும் பிரிபடாத பங்கு. ஆனால் அதற்கான வரைபடம் பதியப்பட்டால்தான் தனி உறுதி கிடைக்கும். நாங்கள் பார்த்த வீட்டின் சொந்தக்காரரிடம் பணம் கட்டிய பற்றுச்சீட்டு மட்டுமே இருந்தது. உறுதி இருந்திருந்தாலும் எனக்குத் தயக்கம்தான். மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் மூலையில் ஒதுங்க அங்கே மூலை இல்லை.

ஓட்டு வீட்டையே எடுத்தோம். முகட்டில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. காணிப் பதிவகத்தில் தேடியபோது மூன்று தலைமுறைக்கு உறுதிகள் கிடைத்தன. மூன்றும் நன்கொடை உறுதிகள், மூன்றும் மகள்மாருக்கு. விற்றவவும் ஒரு தாய்தான். இரண்டு பெண் பிள்ளைகள். ஏழு பேர்ச்சை எப்படிப் பிரிப்பது? எங்கள் காசில் வயற்கரைப் பக்கம் பேர்மிட் காணி வாங்கப் போவதாகச் சொன்னா. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் அப்படி வாங்குவது செல்லாது என்றேன். மாமியின் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு,

"ரெண்டு புள்ளைகளுக்கும் இடம் வேணுமே, சேர்" என்றா.