கொடுத்தவர் போன பின்னும் கொடை நிற்குமா? பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற பணத்தின் கதை

விசுவமடுவில் ஒரு பிள்ளைக்கு மாதாமாதம் படிப்புக்காசு வருகிறதென்றால், அது பெரும்பாலும் ஒரு தனி மனிதரின் மனதையும் உடல்நலத்தையும் நம்பி வருகிறது. கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் ஒரு மாமா, ஒரு பழைய மாணவர், அல்லது இங்கே உறவுகளை இழந்த ஒருவர் அதை அனுப்புவார். அவர் வேலையை விட்டால் காசு குறையும். அவர் கண்ணை மூடினால் நின்றுவிடும். அவருடைய பிள்ளைகளுக்கு எங்கள் பெயர்கூடத் தெரியாது.

2009 ஜனவரி இறுதியில் இந்த ஊர் இராணுவத்தின் கைக்குப் போனபோது, பரந்தன் – முல்லைத்தீவு வீதி வழியே கிழக்கு நோக்கி நடந்த குடும்பங்கள்தான் மீண்டும் வந்து இங்கே குடியிருக்கின்றன. அவர்களுக்கு உதவிய புலம்பெயர் தலைமுறை இப்போது அறுபது, எழுபது வயதைத் தொடுகிறது. அவர்களுக்குப் பின் இந்த உதவிகளுக்கு என்ன நடக்கும் என்ற கேள்வி எழும்போதெல்லாம் நான் சொல்வது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் வாழ்ந்த ஒரு பணக்காரரின் கதையைத்தான்.

யார் இந்தப் பச்சையப்பர்?

பச்சையப்ப முதலியார் 1754இல் பிறந்தவர். தந்தை இல்லாமல், வறுமையில் வளர்ந்தார். சென்னையில் பவுனி நாராயண பிள்ளை என்பவரின் ஆதரவு கிடைத்தது. ஆங்கிலேய வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே நின்று காரியம் முடித்துக் கொடுக்கும் துபாஷி ஆனார். இரு மொழி தெரிந்தவர் என்பது அந்தச் சொல்லின் பொருள். ஆனால் துபாஷிகளின் வேலை மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. தரகு, நிலவரிக் குத்தகை, கடன் கொடுத்தல் எல்லாம் அதற்குள் அடங்கும். தஞ்சாவூர் அரசு கும்பெனிக்குக் கட்டவேண்டிய பணத்துக்குத் தவித்தபோது, கடன் கொடுக்கக்கூடிய அளவுக்கு அவர் வளர்ந்திருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்கக்கூடாது. அரசர் வாங்கிய கடனும் அதன் வட்டியும் கடைசியில் உழவரின் நெல்லில் இருந்துதான் வந்தன. நுண்கடன் தவணை கட்ட வழியில்லாமல் ஒளிந்திருந்த பெண்களை வன்னியில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பின்னால் வந்த அறம், பணம் வந்த வழியைக் கழுவிவிடாது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

ஒரு மரணசாசனமும் ஒரு நீண்ட வழக்கும்

1794இல், நாற்பது வயதில், அவர் காவிரிக்கரையில் நோயில் விழுந்தார். மார்ச் மாதத்தில் மரணசாசனம் எழுதினார். அந்த மாதமே திருவையாற்றில் இறந்தார். தன் செல்வத்தின் பெரும்பகுதியைக் கோயில் பணி, பூசை, அன்னதானம் போன்ற தருமங்களுக்கு எழுதிவைத்திருந்தார்.

எழுதி வைத்ததால் எல்லாம் நடந்துவிடவில்லை. குடும்பத்தவர், பொறுப்பாளர், உரிமை கோரியவர்கள் என்று பிணக்கு வளர்ந்தது. பணம் பல ஆண்டுகள் வழக்கில் கிடந்தது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் அரசின் தலைமைச் சட்ட அதிகாரிகளாக இருந்த ஹெர்பர்ட் காம்டன், பின்னர் ஜோர்ஜ் நோர்ட்டன் ஆகியோர் அதைத் தருமப் பணமாக மீட்க வழக்காடினார்கள். வட்டியோடு சேர்ந்து ஏழு இலட்சம் ரூபாய்க்கு மேல் தேறியது. எழுதிய தருமங்களுக்கு நாலரை இலட்சத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் கல்விக்குப் பயன்படுத்தலாம் என்று முடிவானது. 1842 ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. மரணசாசனத்துக்கும் முதல் வகுப்புக்கும் இடையில் 48 ஆண்டுகள்.

அந்தப் பள்ளி 1889இல் கல்லூரியாக உயர்ந்தது. கணிதமேதை இராமானுஜன் அங்கே படித்து, தேர்வில் தேறாமல் போனார். அண்ணாதுரை அங்கே பொருளியல் படித்தார். மு. வரதராசன் அங்கே தமிழ் கற்பித்தார். பச்சையப்பர் இவர்கள் யாரையும் கற்பனைகூடச் செய்திருக்கமாட்டார்.

எது தாங்கியது, எது தாங்கவில்லை?

முதலாவது, எழுத்து. வாய்ச்சொல்லாக இருந்திருந்தால் வழக்காடவே இடமிருந்திருக்காது.

இரண்டாவது, முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவழித்த ஏற்பாடு. வருடாவருடம் சேர்த்து வருடாவருடம் செலவழிக்கும் நிதிக்கு இந்த ஆயுள் கிடையாது.

மூன்றாவது, ஒரு நிறுவனம் நிலைத்துவிட்டால் மற்றவர்களும் அதை நம்பிக் கொடுப்பார்கள். பச்சையப்பன் அறக்கட்டளையின் கீழ் இன்று இருக்கும் கல்லூரிகளில் சில, கந்தசாமி நாயுடு, செல்லம்மாள் என்று பிற கொடையாளரின் பெயரைத் தாங்குகின்றன.

தாங்காதவையும் உண்டு. 1947 வரை அந்தக் கல்லூரியில் இந்துக்களுக்கு மட்டுமே இடம். கொடையில் போட்ட வேலி ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிள்ளைகளை வெளியே நிறுத்தியது. நிர்வாகத் தேர்தலும் நியமனங்களும் தொடர்பான பிணக்குகள் அண்மைக் காலத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஓய்வுபெற்ற நீதிபதிகளை இடைக்கால நிர்வாகியாக நியமிக்கும் நிலை வந்தது. பழைய பெயர் இருப்பதால் கணக்கு தானாகச் சுத்தமாகிவிடாது.

இங்கே என்ன செய்யலாம்?

இலங்கையில் இதற்கு வழி இருக்கிறது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம், வறுமை போக்குதல், கல்வி வளர்த்தல் ஆகியவற்றைத் தரும நோக்கங்களாக ஏற்கிறது. காணி அல்லது கட்டடத்தைக் கொடுப்பதென்றால் மரணசாசனத்தில் எழுதவேண்டும், அல்லது நொத்தாரிசு முன் உறுதி முடிக்கவேண்டும். வெறும் கடிதம் போதாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூகசேவை அமைப்பாகவும் பதிவு செய்யலாம். எது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பதிவு செய்தால் அரசின் கண் படும் என்ற பயம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் பதிவில்லாத பணம் ஒருவரின் சொந்தக் கணக்கில்தான் கிடக்கும். அவர் இறந்தால் அது அவருடைய வாரிசுகளின் சொத்து.

இன்னொரு பாடம் 2022 தந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. நிலையான வைப்பில் இருந்த இலட்சம் ரூபாய் இலட்சமாகவே இருந்தது, ஆனால் அது வாங்கிய அரிசி பாதியாகிவிட்டது. ஆகவே வட்டி முழுவதையும் பங்கிடக்கூடாது. ஒரு பகுதியை முதலோடு சேர்க்கும்படி யாப்பிலேயே எழுதவேண்டும்.

அதே யாப்பில், யாருக்கு உதவி என்பதைச் சாதி, சமயம், பாடசாலை என்று குறுக்காமல் எழுதுங்கள். கொடுத்தவரின் குடும்பத்துக்கு வெளியே, உதவி பெறும் ஊரில் இருந்தும் ஆட்களை நிர்வாகத்தில் வையுங்கள். ஆண்டுக் கணக்கை, பிள்ளைகளின் பெயர் இல்லாமல், கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசியுங்கள்.

பிள்ளைக்கு வரும் காசு யாரோ ஒருவரின் இரக்கமாக இருக்கும்வரை, தாய் ஒவ்வொரு மாதமும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். உயர்தரம் முடியும்வரை வரும் என்று எழுத்தில் இருந்தால், அவள் பிள்ளையின் படிப்பைப் பார்ப்பாள். வெளிநாட்டில் இருந்து உதவுகிற உறவுகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, பரிசளிப்பு விழாவுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை நொத்தாரிசுக்கும் ஒதுக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.