டர்போ மகிழுந்துகளுக்கான மாற்றுப் புகைபோக்கித் தொகுதி

மாற்றுப் புகைபோக்கித் தொகுதி என்பது, மகிழுந்தில் ஆலையிலேயே பொருத்தப்பட்டு வந்த புகைபோக்கிக் குழாய்களையும் ஒலியடக்கியையும் நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் பொருத்துவதற்காக வேறு தயாரிப்பாளர்கள் விற்கும் உறுப்புகளின் தொகுதி ஆகும். ஒலியடக்கி பேச்சு வழக்கில் சைலன்சர் எனப்படுகிறது. பொறியின் திறனைக் கூட்டுதல், எடையைக் குறைத்தல், ஒலியின் தன்மையை மாற்றுதல் ஆகியன இதனைப் பொருத்துவதன் முதன்மை நோக்கங்கள் ஆகும். டர்போ பொருத்தப்பட்ட விளையாட்டு வகைச் செடான் மகிழுந்துகளில் இதன் விளைவு, டர்போ இல்லாத மகிழுந்துகளில் காணப்படுவதினின்றும் வேறுபட்டது.

வரலாறு

டர்போ மிகையூட்டிக்கான காப்புரிமையைச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905 ஆம் ஆண்டில் பெற்றார். டர்போ கொண்ட மகிழுந்துகள் 1962 இல் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. மாற்றுப் புகைபோக்கிகளைப் பரவலாக்கியவர்களுள் இத்தாலியில் 1949 இல் அபார்த் நிறுவனத்தைத் தொடங்கிய கார்லோ அபார்த் குறிப்பிடத்தக்கவர்.

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் இயங்கும் ஹூண்டாய் ஆலையில் உருவாகும் வெர்னா செடானின் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் வகை 2023 இல் அறிமுகமானது. இதன் திறன் 160 குதிரைத்திறன் ஆகும்.

செயற்படும் முறை

பொறியிலிருந்து வெளியேறும் சூடான வளிமம் முதலில் டர்போவின் சுழலியைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள அமுக்கி, காற்றை அழுத்திப் பொறிக்குள் செலுத்துகிறது. சுழலியைக் கடந்த வளிமம், இறங்கு குழாய், வினையூக்கி மாற்றி, நடுக்குழாய், ஒத்ததிர்வி, ஒலியடக்கி ஆகியவற்றின் வழியாக வெளியேறுகிறது.

டர்போ இல்லாத பொறியில் குழாயின் நீளமும் விட்டமும் அழுத்த அலைகளுக்கு ஏற்பக் கணக்கிடப்பட வேண்டும். டர்போ பொறியில் சுழலியே அவ்வலைகளைப் பெருமளவு தணித்துவிடுகிறது. சுழலிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதமே அதன் வேகத்தைத் தீர்மானிக்கிறது. எனவே சுழலிக்குப் பின்னுள்ள எதிரழுத்தம் குறைந்தால் டர்போ விரைவில் வேகம் பெறும். "ஓரளவு எதிரழுத்தம் இருந்தால்தான் இழுவை கிடைக்கும்" என்று பட்டறைகளில் கூறப்படும் கருத்து டர்போ பொறிக்குப் பொருந்தாது.

வகைகள்

பின்னச்சு வகை: ஒலியடக்கியும் வால்குழாயும் மட்டும் மாற்றப்படும். ஒலி மாறும், திறன் பெரும்பாலும் மாறாது.

மாற்றிக்குப் பிந்திய வகை: வினையூக்கி மாற்றிக்குப் பின்னுள்ள அனைத்தும் மாற்றப்படும். மாசுக் கட்டுப்பாட்டு உறுப்புகள் அப்படியே இருக்கும்.

டர்போவுக்குப் பிந்திய வகை: இறங்கு குழாய் முதல் அனைத்தும் மாற்றப்படும். திறன் மிகுதியாகக் கூடுவது இவ்வகையில்தான். ஆயினும் வினையூக்கி மாற்றி நீக்கப்பட்டால் கார்பனோரொட்சைட்டு, ஐதரோகார்பன்கள், நைதரசன் ஒட்சைட்டுகள் ஆகியன சுத்திகரிக்கப்படாமலே வெளியேறும். மாற்றிக்குப் பின்னுள்ள ஆக்சிசன் உணரி இதனைக் கண்டறிந்து எச்சரிக்கை விளக்கை எரியச் செய்யும். பொறிக் கட்டுப்பாட்டு நிரலும் அதற்கேற்ப மாற்றப்படாவிடில், டர்போவின் அழுத்தம் வரம்பு மீறிப் பொறிக்குச் சேதம் விளையலாம்.

தெரிவு செய்யும்போது கருத வேண்டியவை

விட்டம்: குழாயின் பரப்பு விட்டத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடும். 2.5 அங்குலக் குழாயைவிட 3 அங்குலக் குழாயின் பரப்பு 44 விழுக்காடு அதிகம். சிறிய பொறியில் அளவுக்கு மீறிய விட்டத்தால் எடையும் இரைச்சலுமே மிகும். குழாய் பெரிதாகும்போது தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி குறைவதால், ஊர்ச்சாலைகளின் வேகத்தடைகளில் அது இடிபடும்.

பொருள்: 409 வகைத் துருவேறா எஃகில் ஏறத்தாழ 11 விழுக்காடு குரோமியம் உள்ளது. 304 வகையில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருப்பதால் அது துருவை நன்கு எதிர்க்கும். ஆனால் சூட்டில் கூடுதலாக விரிவடையும். தைத்தேனியம் எஃகைவிட 40 விழுக்காட்டுக்கு மேல் அடர்த்தி குறைந்தது. விலை மிக அதிகம்.

வளைவு: உள்ளே தாங்குதண்டு செலுத்தி வளைத்த குழாயில் வளைவிலும் விட்டம் மாறாது. வெறுமனே அழுத்தி வளைத்த குழாய் வளைவில் நசுங்கி வளிமத்தின் ஓட்டத்தைத் தடுக்கும்.

முழக்கம்: குறிப்பிட்ட வேகத்தில் வண்டிக்குள் எழும் தொடர்ந்த தாழ்சுருதி ஒலியே நெடும்பயணத்தில் சலிப்பூட்டுவது. நான்கு உருளைப் பொறி ஒரு சுற்றுக்கு இரு முறை எரிகிறது. ஆகவே நிமிடத்திற்கு 2,400 சுற்றில் எழும் ஒலியின் அதிர்வெண் 80 ஏர்ட்சு ஆகும். சூடான வளிமத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 480 மீட்டர் எனக் கொண்டால், இவ்வொலியை அடக்குவதற்கான கால் அலைக் கிளைக்குழாயின் நீளம் 1.5 மீட்டர் ஆகும். இத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லாத தொகுதிகளே மலிவாகக் கிடைக்கின்றன.

வெப்பக் காப்பு: முழு வேகத்தில் டர்போவுக்குள் நுழையும் வளிமத்தின் வெப்பநிலை 900 பாகை செல்சியசு அளவுக்கு உயரக்கூடும். புகைபோக்கிக்கு மேலும் பக்கத்திலும் உள்ள வெப்பத்தடுப்புத் தகடுகளை நீக்குவது தீங்கு பயக்கும். உத்திரமேரூர் போன்ற வேளாண் பகுதிகளில் அறுவடைக் காலத்தில் வைக்கோல், கொள்ளு, உளுந்துச் செடிகள் ஆகியவற்றைச் சாலையில் பரப்பி உலர்த்தும் வழக்கம் உண்டு. இவை வண்டியின் அடியில் சிக்கிச் சூடான குழாயில் பட்டால் தீப்பற்றும். இத்தகைய இடங்களைக் கடந்ததும் வண்டியை நிறுத்தி அடிப்பகுதியைப் பார்ப்பது நன்று.

இந்தியச் சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றினின்று வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் கேரள வழக்கு ஒன்றில் இதனை வலியுறுத்தியது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இன் 120 ஆம் விதி ஒவ்வொரு வாகனத்திற்கும் ஒலியடக்கியைக் கட்டாயமாக்குகிறது. மகிழுந்துகளுக்கான கடந்து செல்லும் ஒலியின் வரம்பு 2005 முதல் 74 டெசிபல் ஆகும். இது வண்டியின் பாதையிலிருந்து 7.5 மீட்டர் தொலைவில் அளக்கப்படுகிறது. இவ்வளவீடு புதிய வகை வாகனங்களின் ஒப்புதலுக்கானது. ஒரகடத்தில் உள்ள உலகளாவிய தானுந்து ஆராய்ச்சி மையம் வாகனச் சோதனைகளையும் சான்றளிப்பையும் மேற்கொள்ளும் நிறுவனங்களுள் ஒன்று.

2019 திருத்தத்திற்குப் பின், ஒலி அல்லது காற்று மாசு வரம்புகளை மீறி வாகனம் ஓட்டுவோருக்கு, 190(2) பிரிவின் கீழ் முதல் குற்றத்திற்கு மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் செயலிழக்கும். அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 182அ(4) பிரிவின் கீழ் 5,000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ். 6 விதிகளுக்கு ஏற்ப விற்கப்பட்ட வண்டியில் வினையூக்கி மாற்றியை நீக்குவது மாசு வரம்புகளை மீறுவதற்கு வழிவகுக்கும்.

அறிவிக்காமல் செய்த மாற்றங்களைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. உற்பத்தியாளரின் உத்தரவாதமும் பாதிக்கப்படலாம்.

பிற நாடுகளில்

ஐரோப்பிய நாடுகளில் மாற்று ஒலியடக்கிகள் ஐக்கிய நாடுகள் அவையின் 59 ஆம் ஒழுங்குவிதியின்படி சோதிக்கப்பட்டு, ஒப்புதல் முத்திரையுடன் விற்கப்படுகின்றன. ஆகவே அங்கு வாங்குவோர் எளிதில் தெரிவு செய்ய முடிகிறது. ஆயினும் அம்முத்திரை உள்ள தொகுதி என்பதனால் மட்டும் இந்தியச் சாலைகளில் அது சட்டப்படி ஏற்கப்பட்டதாகிவிடாது.

பந்தயப் பயன்பாடு

ஒலியடக்கியோ வினையூக்கி மாற்றியோ அற்ற தொகுதிகள் மூடிய பந்தயப் பாதைகளுக்கு உரியன. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராசு மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் 3.7 கிலோமீட்டர் பாதை இதற்கு எடுத்துக்காட்டு ஆகும். இவ்வாறு மாற்றப்பட்ட வண்டிகளைச் சாலையில் ஓட்டிச் செல்லாமல், சுமையூர்தியில் ஏற்றிச் செல்வதே முறையாகும்.

இவற்றையும் பார்க்க

உள் எரி பொறி
வினையூக்கி மாற்றி
ஒலி மாசு