வரையாட்டுக்கு ஒரு தலைக்கணக்கு

எந்த விலங்கு அழிவின் விளிம்பில் நிற்கிறது என்பதை ஒரு காலத்தில் அனுபவசாலிகளின் மதிப்பீடே முடிவு செய்தது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964-இல் தொடங்கிய சிவப்புப் பட்டியலுக்கும் முதலில் அதுவே துணை. திட்டவட்டமான எண்கள் 1994-இல்தான் வந்தன.

நீலகிரி வரையாட்டின் கணக்கு அதற்கும் மூத்தது. குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார் 1975-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடுகளில் வரையாடுகளைக் கணக்கெடுத்தார். அவர் மதிப்பிட்டது ஏறத்தாழ 2,200. செங்குத்துப் பாறையில் நின்று மஞ்சு வந்ததும் மறைந்துவிடும் விலங்கு அது. எண்ணுகிறவர் பாடு சொல்லி மாளாது.

அதே ஆண்டில், வரையாடுகள் வாழும் கேரளத்து இரவிகுளம் சரணாலயமானது. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகள் வேட்டையாடிய மலை அது. தங்கள் வேட்டைக்காக அவர்கள் வைத்திருந்த கட்டுப்பாடே ஆடுகளையும் காத்தது என்பது வரலாற்றின் குறும்பு.

2025-இல் தமிழகமும் கேரளமும் சேர்ந்து எண்ணியபோது கிடைத்தவை 2,600-க்கும் மேல்: தமிழகத்தில் 1,303, மீதி கேரளத்தில். ஆனால் சிவப்புப் பட்டியல் பார்ப்பது மொத்தத் தலைகளை அல்ல, ஈனும் வயதை எட்டியவற்றை மட்டுமே. குட்டிகளைக் கழித்துவிட்டால் தொகை சட்டென்று இறங்கிவிடும். மந்தைகளோ துண்டு துண்டான புல்வெளிகளில் சிதறிக் கிடக்கின்றன. அதனால் ‘அழியும் ஆபத்திலுள்ள இனம்’ என்ற முத்திரை இன்னும் நீங்கவில்லை.

டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7-ஐ வரையாடு நாளாகத் தமிழக அரசு கடைப்பிடிக்கிறது.