ஹிட்லரா, பள்ளியா?

1932 ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியின் மேல் சைலீசியாவில் பொட்டெம்பா என்ற கிராமம். நள்ளிரவில் ஒரு தொழிலாளியின் வீட்டுக்குள் புகுந்த நாஜிக் கட்சியினர், பெற்ற தாயின் கண்ணெதிரே அவரை மிதித்தே கொன்றார்கள். அவர் கம்யூனிஸ்ட் என்பதுதான் குற்றம். கொலையாளிகள் ஐந்து பேருக்கு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஹிட்லரோ, தான் அவர்கள் பக்கம் இருப்பதாக வெளிப்படையாகத் தந்தி அடித்தார்.

நாடே வாயடைத்து நின்ற வேளையில், தெற்கு ஜெர்மனியின் ஸாலெம் பள்ளித் தலைமையாசிரியர் தன் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹிட்லரின் படைகளில் இருப்பவர்கள் ஒன்று ஹிட்லரை விட்டு விலகட்டும், இல்லையேல் ஸாலெமை விட்டு விலகட்டும் என்றார். அவர் பெயர் குர்ட் ஹான். வயது 46. யூதர். அந்த நாளில் அப்படியொரு கடிதத்தில் கையெழுத்திட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ஹான் 1886-ல் பெர்லினில் ஒரு தொழிலதிபரின் மகனாகப் பிறந்தவர். இளம் வயதில் கடுமையான வெயில் தாக்கியதால், வெளிச்சம் அவருக்கு ஆயுள் முழுக்க ஒவ்வாமலே போனது. அகன்ற விளிம்புத் தொப்பி இல்லாமல் அவர் வெளியே வருவது அபூர்வம். ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தவரை முதல் உலகப்போர் தாய்நாட்டுக்குத் திருப்பியது. ஆங்கிலப் பத்திரிகைகளைப் படித்து ஜெர்மன் வெளியுறவுத் துறைக்குச் சாரம் சொல்லும் வேலை கிடைத்தது. பிறகு, முடியாட்சியின் கடைசிப் பிரதமரான பாடன் இளவரசர் மாக்ஸின் செயலாளரானார்.

போரில் தோற்று, அரசும் கவிழ்ந்த பிறகு அந்த இருவரும் தொடங்கியதுதான் பள்ளி. இளவரசரின் ஸாலெம் மாளிகை ஒருகாலத்தில் துறவிகள் வாழ்ந்த மடம். அதன் ஒரு பகுதியில் 1920-ல் வகுப்புகள் ஆரம்பித்தன. பாடம், விளையாட்டு, கைத்தொழில் எல்லாம் அங்கே உண்டு. என்னை மிகவும் ஈர்ப்பது அங்கிருந்த இன்னொரு வழக்கம். ஒவ்வொரு மாணவனிடமும் ஒரு பட்டியல் இருக்கும். குளிர்ந்த நீரில் குளித்தேனா, ஓடினேனா, ஒப்புக்கொண்ட வேலையைச் செய்தேனா என்று இரவில் அவனே குறித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் யாரும் சரிபார்க்க மாட்டார். பொய் எழுத நினைத்தால் எழுதலாம். அந்த நம்பிக்கைதான் ஹானின் கல்விமுறைக்கு அஸ்திவாரம்.

ஹிட்லரை இப்படி எதிர்த்த ஹான் 1933 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். பிரிட்டிஷ் நண்பர்கள் குரல் கொடுத்தார்கள். பிரதமர் ராம்சே மெக்டொனால்டும் தலையிட, ஹான் விடுதலையாகி அந்த ஜூலையில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டே ஸ்காட்லாந்தின் வடக்குக் கரையோரத்தில் கோர்டன்ஸ்டன் பள்ளி எழுந்தது. பின்னாளில் எலிசபெத் ராணியின் கணவரான பிலிப், ஸாலெமிலிருந்து இங்கே வந்து சேர்ந்த ஆரம்பகால மாணவர்களில் ஒருவர். புயல் இரவுகளில் கரையில் நின்று கப்பல்களுக்குக் காவல் இருப்பதும் மாணவர்களின் கடமை. இன்னொருவர் உயிரைக் காக்கப் பழகும் பிள்ளைக்குப் போர்வெறி பிடிக்காது என்று ஹான் மனதார நம்பினார்.

இந்தக் கண்டிப்பு எல்லோருக்கும் ஒத்துவரவில்லை. இப்போதைய மன்னர் சார்லஸ் அங்கே மகிழ்ச்சியாகப் படிக்கவில்லை என்பது ஊரறிந்த செய்தி. மென்மையான பிள்ளைகளுக்கு அந்த முறை பாரமாக இருந்திருக்கும் என்பதை மறுக்க முடியாது.

இரண்டாம் உலகப்போரில் இன்னொரு பாடம் கிடைத்தது. கப்பல் மூழ்கி உயிர்காக்கும் படகில் தத்தளிக்கும்போது, வயதானவர்களைவிட இளம் மாலுமிகளே முதலில் தளர்ந்து சாகிறார்கள் என்று கப்பல் அதிபர் லாரன்ஸ் ஹோல்ட் வருந்தினார். அவரும் ஹானும் சேர்ந்து 1941-ல் வேல்ஸின் அபர்டோவியில் தொடங்கிய பயிற்சிதான், இன்று பல நாடுகளில் நடக்கும் 'அவுட்வர்ட் பவுண்ட்'.

1955-ல் பாரிஸிலிருந்த நேட்டோ பாதுகாப்புக் கல்லூரிக்குப் போனார் ஹான். பத்தாண்டுக்கு முன் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நாடுகளின் அதிகாரிகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். வயது முதிர்ந்த தளபதிகளால் முடிவது 16 வயதுப் பிள்ளைகளால் முடியாதா? ஏழு ஆண்டு முயற்சிக்குப் பிறகு, 1962-ல் வேல்ஸின் செயின்ட் டோனட்ஸ் கோட்டையில் அட்லான்டிக் கல்லூரி 56 மாணவர்களுடன் திறந்தது. அப்போது எல்லோரும் பையன்கள்தான். பெண்கள் 1967-ல் வந்தார்கள்.

முதல் தலைவர் டெஸ்மண்ட் ஹோர், கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். கோட்டைக்குக் கீழே கடல் சீறும். சாதாரண ரப்பர் படகின் அடிப்பாகம் கிழிந்துபோகும். ஹோரும் மாணவர்களும் மரப்பலகையை அடியில் வைத்து, சுற்றிலும் காற்றடைத்த குழாய்களைப் பொருத்தி ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். அப்படி உருவான படகுதான் இன்று உலகெங்கும் மீட்புப் பணியில் ஓடுகிறது. கோடிகளைக் குவித்திருக்கக்கூடிய அந்தக் காப்புரிமையை, பிரிட்டனின் உயிர்காப்புப் படகு அமைப்புக்கு 1973-ல் ஒரே ஒரு பவுண்டுக்குக் கொடுத்தார் ஹோர். ஹானின் கல்வி எதற்காக என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

ஹான் 1974 டிசம்பரில் காலமானார். அட்லான்டிக் கல்லூரியிலிருந்து கிளைத்த யுனைடெட் வேர்ல்ட் காலேஜ் அமைப்புக்கு 1978-ல் தலைவராக வந்தவர், கோர்டன்ஸ்டனில் வாடிய அதே சார்லஸ். அதன் இந்தியக் கல்லூரி 1997-ல் புனே அருகே திறந்தது. அட்லான்டிக் கல்லூரி ஆரம்பத்திலிருந்தே பங்கெடுத்து வளர்த்த 'இன்டர்நேஷனல் பாக்கலோரியட்' பாடத்திட்டமோ அதற்கு வெகு முன்பே, 1976-ல், நம் கொடைக்கானலுக்கு வந்துவிட்டது. அதை ஏற்ற மலைப்பள்ளியின் கதை 1901-ல் தொடங்குகிறது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.